ஆடப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளைக்கு

(உயர்கல்வி வழிகாட்டி ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு நடனப் படிப்பும் வேலைவாய்ப்பும். நான் கணித ஆசிரியை. என் வாழ்நாளில் மேடை ஏறி ஆடியதில்லை. கும்மியில்கூடத் தப்பாகத் தட்டுகிறேன் என்று என் அக்கா விரட்டியிருக்கிறாள். தலைமையாசிரியர் என் பெயரை எழுதியபோது மறுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, இந்த விஷயத்தில் ஒரு பிள்ளைக்குத் தவறான வழி சொன்ன அனுபவம் எனக்கு இருக்கிறதே, அதையாவது சொல்லலாமே என்று வந்திருக்கிறேன்.

2022-23ஆம் கல்வியாண்டில் நம் பள்ளிகளில் கலைத் திருவிழா தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் பள்ளியில் குழு நடனத்துக்குப் பொறுப்பாசிரியர் தேவைப்பட்டது. கடைசிப் பாடவேளை எனக்குக் காலியாக இருந்தது. தகுதி அவ்வளவுதான். குழுவில் பிளஸ் டூ வணிகவியல் படித்த மாணவன் ஒருவன் இருந்தான். அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். வகுப்பில் வாய் திறக்காத பையன் மேடையில் மற்ற ஏழு பேரையும் நடத்தினான். ஒருநாள் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு, "மிஸ், இந்த இடத்துல எட்டு வரல, ஏழுதான் வருது. அதான் எல்லாருக்கும் கால் இடிக்குது" என்றான். நான் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன். ஏழுதான். மூன்றும் நான்கும் சேர்ந்த ஏழு. அதற்கு மிஸ்ர சாபு என்று பெயர் என்பதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அவனுக்கு அன்றைக்கும் பெயர் தெரியாது, காலுக்குத் தெரிந்திருந்தது.

மாவட்டப் போட்டி முடிந்து திரும்பும்போது பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "மிஸ், டான்ஸ் படிக்கக் காலேஜ் இருக்கா? சினிமாவுல, டிவியில ஆடுறதுக்கு?" என்று கேட்டான். நாம் எல்லோரும் சொல்லும் பதிலைத்தான் நானும் சொன்னேன். "மொதல்ல ஒரு டிகிரி வாங்குடா. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஆடு."

நடனமே ஒரு டிகிரி என்பது அன்று என் மனதில் வரவே இல்லை. பி.காம். சேர்ந்தான். இரண்டாம் பருவத்தோடு நின்றுவிட்டான். சென்னைக்குப் போய் ஒரு பயிற்சிக் கூடத்தில் பணம் கட்டினான். ஆறு மாதத்தில் சினிமாவில் ஆட வைப்பதாகச் சொன்னார்களாம். அப்பா மண்டி முதலாளியிடம் வாங்கிக் கொடுத்த முன்பணம் அது. சினிமாவில் குழுவில் ஆட வேண்டுமென்றால் நடனக் கலைஞர்கள் சங்கத்தில் உறுப்பினர் அட்டை வேண்டும். அதற்குத் தேர்வு உண்டு, கட்டணம் உண்டு. பணம் வாங்கியவர்கள் அதைச் சொல்லவில்லை. கல்யாண வரவேற்புகளிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஆடினான். ஒருநாள் கான்கிரீட் தரையில் குதித்து இறங்கியபோது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஊர் திரும்பிவிட்டான் என்று அவன் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் நான் விசாரிக்க ஆரம்பித்தேன். இரண்டு ஆண்டு தாமதம்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். திரைப்படம், தொலைக்காட்சி, விளம்பரம், இசைக் கச்சேரி மேடை, நட்சத்திர விழா ஆகியவற்றுக்காக, கூலி பேசி ஆடும் நடனத்தை வெளிநாடுகளில் 'கமர்ஷியல் டான்ஸ்' என்கிறார்கள். பிரிட்டனில் அந்தப் பெயரிலேயே மூன்றாண்டு இளநிலைப் பட்டம் இருக்கிறது. ஹிப்ஹாப், ஜாஸ் போன்ற பாணிகளோடு, அடித்தளத்துக்காகப் பாலேயும் கற்றுக்கொடுக்கிறார்கள். என் கவனத்தை இழுத்தது மற்ற பாடங்கள்: தேர்வுக்குப் போனால் ஒரு நடனத்தைச் சில நிமிடங்களில் பிடித்துக்கொள்வது எப்படி, கேமராவுக்கு முன் நிற்பது எப்படி, ஒப்பந்தத்தில் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது, சுயதொழில் செய்பவராக வரிக் கணக்கு வைப்பது, காயம் வராமல் உடம்பைக் காப்பது. நடனக்காரர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டு போட்ட பாடத்திட்டம் அது.

நம் ஊரில் நடனத்தில் பட்டம் என்று போனால் அது பெரும்பாலும் பரதநாட்டியம்தான். சென்னை, மதுரை, கோயம்புத்தூர், திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. இசைக்கும் கவின்கலைக்கும் என்று 2013இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது. திருவான்மியூர் கலாக்ஷேத்திரா 1936இல் ருக்மிணி தேவி தொடங்கியது. அங்கே நான்காண்டுப் படிப்புக்குத் தருவது பட்டயம், பட்டம் அல்ல. இந்த வேறுபாட்டை விண்ணப்பிக்கும் முன்பே பெற்றோரிடம் சொல்லிவிட வேண்டும். கல்லூரி வயது வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் 17 இருக்கின்றன. 12 வயதிலிருந்து 25 வயது வரை சேரலாம், மூன்றாண்டுப் பயிற்சி, பரதமும் உண்டு. எங்கள் மாவட்டத்து இசைப் பள்ளி இருக்கும் தெரு வழியாகத்தான் நான் பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தப் போனேன். பலகையைப் படித்ததே இல்லை.

"சினிமாவில் ஆட ஆசைப்படும் பிள்ளைக்குப் பரதம் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். நம் சினிமா நடனம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலா ஆடிய ஆட்டங்களுக்குப் பின்னால் நின்றவர் வழுவூர் ராமையா பிள்ளை. 'மின்சார கனவு' படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய பிரபுதேவா முறையாகப் பரதம் பயின்றவர். அரைமண்டியில் உட்கார்ந்து மூன்று காலத்திலும் அடவு செய்து பழகிய உடம்புக்கு எந்த நடன இயக்குநர் எந்த எண்ணிக்கை சொன்னாலும் பிடிபடும். ஆதி தாளத்தின் எட்டும் அவர்கள் சொல்லும் 'ஃபைவ், சிக்ஸ், செவன், எய்ட்'டும் ஒரே எட்டுதானே. இது கணக்கு வாத்தியாரின் ஆறுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. பட்டம் வாங்கிவிட்டால் வாய்ப்பு வந்துவிடாது. தேர்வு நடக்கும் கூடத்தில் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை, ஆடச் சொல்கிறார்கள். பிரபுதேவாவும் கல்லூரிப் பட்டத்தால் வந்தவர் அல்ல. அப்பா சுந்தரம் மாஸ்டரோடு படப்பிடிப்புத் தளத்தில் வளர்ந்தவர். நம் பிள்ளைக்கு அப்படி ஒரு வீடு இல்லை. மண்டித் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கு, தினமும் நாலு மணி நேரம் ஆடினாலும் ஊர் திட்டாத இடம் ஒன்று வேண்டும். கால் வைப்பது தப்பென்றால் அன்றே திருத்த ஒரு குரு வேண்டும். கல்லூரி அந்த மூன்று ஆண்டுகளைக் கொடுக்கிறது. ஐம்பது வயதில் நாம் வகுப்பெடுப்போம். குழு நடனக்காரருக்கு முப்பத்தைந்துக்கு மேல் அழைப்பு குறையும். அப்போது பள்ளியில் நடனம் கற்றுக்கொடுக்கவோ, மேற்படிப்புக்குப் போகவோ, 'ஏதாவது ஒரு பட்டம்' கேட்கும் போட்டித் தேர்வு எழுதவோ அந்தக் காகிதம் உதவும். நம் கல்லூரிப் பாடத்திட்டங்களில் ஒப்பந்தமும் கணக்கும் கேமராவும் போதுமான அளவு இல்லை என்பது என் குறை. அந்தப் பையன் பாதியில் விட்ட பி.காம்.தான் ஒருவகையில் அதைக் கற்றுக்கொடுத்திருக்கும். அப்படிப் பார்த்தால் என் பதில் முழுக்கத் தவறும் இல்லை. கேட்காமல் சொன்னதுதான் தவறு.

சென்ற ஆண்டு பிளஸ் டூவில் ஒரு மாணவி. உயிரியல் பிரிவு, நல்ல மதிப்பெண். நடனம்தான் படிப்பேன் என்றாள். அம்மா பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். மதிப்பெண்ணையோ சம்பளத்தையோ பற்றிப் பேசுவார் என்று தயாராகப் போனேன். அவர் கேட்டது வேறு. "டீச்சர், நாளைக்கு ஊர்ல இவள ஆட்டக்காரின்னு சொல்லுவாங்களே?" என்னிடம் பதில் இல்லை. கலையின் பெருமை பற்றி நான்கு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவர் தினமும் பேருந்தில் கேட்கப்போகிற வார்த்தைக்கு அது எப்படிப் பதிலாகும்?

ஒரு சனிக்கிழமை அம்மாவையும் மகளையும் கல்லூரிக்கே கூட்டிப்போனேன். கட்டணம் எவ்வளவு, விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும், எல்லாவற்றையும் அந்த அம்மாவே கேட்டார். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருபது பெண்கள், நாலைந்து பையன்கள், வியர்த்து ஊற்ற ஒரே அடவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். நட்டுவாங்கக் கட்டையைத் தட்டிக்கொண்டிருந்த ஆசிரியைக்கு அறுபது வயது இருக்கும். அம்மா வெகுநேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "இவங்களும் சின்ன வயசுல ஆடினவங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "இந்த வயசுலயும் டீச்சரா இருக்காங்க" என்றார். அவ்வளவுதான். விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

உங்களிடம் அப்படி ஒரு பிள்ளை வந்தால் மூன்று விஷயம் கேளுங்கள் என்பேன். எதை ஆட ஆசை, எங்கே ஆட ஆசை என்பது முதலாவது. சினிமா என்று சொல்கிற பிள்ளைகள் பலருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆசை இருக்கிறது, சிலருக்கு மேடை தவிர வேறெதுவும் வேண்டாம். தினமும் எவ்வளவு நேரம் ஆடுகிறாய், எங்காவது வலிக்கிறதா என்பது அடுத்தது. வீட்டில் யார் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பதை மட்டும் பிள்ளையிடம் கேட்காதீர்கள், வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். கல்லூரியில் பல இடங்களில் சேர்க்கையின்போது ஆடிக் காட்டச் சொல்வார்கள். அதனால் இந்தப் பேச்சைத் தேர்வு முடிவு வந்த பிறகு வைத்துக்கொள்ளாமல் பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். ஆறு மாதத்தில் திரையில் ஆட வைக்கிறோம் என்று யார் பணம் கேட்டாலும், கட்டும் முன் உங்களிடம் ஒருமுறை சொல்லச் சொல்லிவையுங்கள்.

அந்தப் பெண் போன மாதம் பேசினாள். "மிஸ், மூணு மாசமா தட்டடவுதான். எப்பதான் பாட்டுக்கு ஆடுறது?" என்றாள். அலுப்பு தெரிந்தது. தாக்குப்பிடிப்பாளா என்று எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை. இந்த ஆண்டு கலைத் திருவிழாப் பயிற்சிக்கு உதவ வரச் சொன்னேன். சனிக்கிழமைகளில் வருகிறான். அரசு இசைக் கல்லூரி விண்ணப்பம் ஒன்றை அவனிடம் கொடுத்திருக்கிறேன். இருபது வயதுக்கு மேல் மறுபடியும் முதலாம் ஆண்டா என்று யோசிக்கிறான். முதல் நாள் வந்ததும், நான் வழக்கமாகப் பயிற்சி வைக்கும் பிரார்த்தனை மேடையின் சிமெண்ட் தரையைக் காலால் தட்டிப் பார்த்தான். "இங்க வேணாம் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளை வேப்பமரத்தடி மண்ணுக்குக் கூட்டிப்போய், கல் பொறுக்கச் சொன்னான். நானும் அவர்களோடு குனிந்து கல் பொறுக்கினேன்.