எந்த அளவு யுகுலேலே வாங்குவது?

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு நினைவாகப் பாடசாலைக்கு முப்பது யுகுலேலேக்கள் வாங்கிக் கொடுப்பதென்று வெளிநாட்டுக் கிளைகளும் இங்குள்ள நாங்களும் சேர்ந்து முடிவெடுத்தோம். காசு சேர்ந்துவிட்டது. இழுபறி அளவில்தான் வந்து நிற்கிறது. மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும், ஆகவே முப்பதும் பெரிய ரெனர் அளவாகவே இருக்கட்டும் என்பது ஒரு சாராரின் விருப்பம். எங்கள் அணியினர் அதற்கு உடன்படவில்லை.

1879இல் மதெய்ராத் தீவிலிருந்து ஹொனலுலு போய் இறங்கிய போர்த்துக்கேயத் தச்சர்கள் கொண்டு சென்ற சிறு நாலு தந்தி வாத்தியம்தான் ஹவாயில் யுகுலேலே ஆனது. அந்தச் சிறிய அளவே இன்றைய சொப்பிரானோ. மேடையில் ஓசை போதவில்லை என்றுதான் 1920களில் கொன்சேட், ரெனர் என்ற பெரிய அளவுகள் வந்தன. பரிற்றோன் அதற்கும் பிந்தியது. ஆக, பெரிது வேண்டும் என்ற வாதம் புதியதல்ல. அதில் நியாயமும் உண்டு.

தந்தியின் அதிரும் நீளம் சொப்பிரானோவில் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர், கொன்சேட்டில் 38, ரெனரில் 43. மூன்றுக்கும் சுருதி ஒன்றே. நீளமான தந்தி அதே சுரத்தைத் தர வேண்டுமானால் கூடுதலாக முறுக்க வேண்டும். அதே கனமுள்ள தந்தியானால் ரெனரில் இழுவிசை சொப்பிரானோவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அதனால் ஒலி உரத்து வரும். வீணையின் குடம் போல இங்கும் ஒலிக்கூடு பெரிதானால் உள்ளிருக்கும் காற்று தாழ்ந்த சுரங்களை நன்றாகத் தாங்கும். ரெனரின் ஒலி நிறைந்து, நீடித்து நிற்கும். சொப்பிரானோவின் ஒலி பளிச்சென்று எழுந்து சட்டென்று அடங்கும். எங்களுக்கென்னவோ சின்னப்பிள்ளைகளின் பாட்டுக்கு அதுதான் பிடிக்கும். அது எங்கள் ரசனை, விட்டுவிடுவோம்.

விட முடியாதது கை. எங்களில் வைத்தியத் தொழிலில் இருப்பவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்போம். சொப்பிரானோவில் முதல் நான்கு மெட்டுகளும் 7 சென்ரிமீற்றருக்குள் அடங்கும். ரெனரில் அது 9 சென்ரிமீற்றரை நெருங்கும். பெரியவருக்கு இரண்டு சென்ரிமீற்றர் ஒன்றுமில்லை. தரம் 2 பிள்ளை அதை எட்ட மணிக்கட்டை உள்ளே மடக்குவாள், தோளை உயர்த்துவாள். மடங்கிய மணிக்கட்டில் நரம்பும் தசைநாண்களும் போகும் வழியில் அழுத்தம் கூடும். விரலின் பிடியும் தளரும். அதற்கு மேல், இறுகிய தந்தியை அழுத்தவும் வேண்டும்.

கடந்த தவணையில் இரவல் வாங்கிய ரெனர்களோடு சில சனிக்கிழமைகள் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுடன் இருந்து பார்த்தோம். சி கோர்டுக்கு ஒரு விரல் போதும், எல்லோரும் பிடித்தார்கள். எஃப் வந்ததும் இரண்டு விரல். ஒரு சின்னவள் கையைப் பார்த்தாள், பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்தாள், “எனக்கு மியூசிக் வராது மிஸ்” என்றாள். அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அவளுக்கு வராதது சங்கீதம் அல்ல, 43 சென்ரிமீற்றர். இதை அவளுடைய தாய்க்குச் சொல்லி, ஒரு சொப்பிரானோவைக் கையில் கொடுத்த பின் திரும்பி வந்தாள்.

சொப்பிரானோவுக்கும் குறை இருக்கிறது. குறுகிய தந்தியைச் சற்றுக் கூட அழுத்தினாலும் சுருதி ஏறிவிடும். பிள்ளைகள் அழுத்தித்தான் பிடிப்பார்கள். டி கோர்டுக்கு மூன்று விரல்களை ஒரே மெட்டுக்குள் அடுக்கும்போது உயர்தர மாணவிகளின் விரல்கள் ஒன்றோடொன்று முட்டும். எனவே அவர்களுக்குக் கொன்சேட்டே பொருத்தம். மாலையில் வந்து பழக விரும்பும் அக்காமாருக்கும் அதுவே நல்லது. ஐம்பதைத் தாண்டினால் பெருவிரலின் அடிமூட்டுத் தேய்வு பெண்களுக்குச் சாதாரணம். அந்தக் கையோடு இறுகிய தந்திகளைப் பிடித்துக்கொண்டிருப்பது வேதனை.

பரிற்றோன் வேண்டாம். அதன் சுருதி வேறு. சொப்பிரானோவில் சி என்று பழகிய விரலமைப்பு அதில் ஜி ஆகிவிடும். ஒரே வகுப்பில் இரண்டையும் வைத்து ஆசிரியை தடுமாற வேண்டியதில்லை.

எனவே எங்கள் முன்மொழிவு: சொப்பிரானோ 14, கொன்சேட் 12, ரெனர் 4. மேடையில் அந்த நான்கு ரெனர்களும் முன்வரிசையில், ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். கடைசி வரிசைக்குக் கேட்கும். முழுமரத்தில் செய்த விலையுயர்ந்தவை வேண்டாம். மழைக்காலத்தில் பூட்டிய அலுமாரிக்குள் ஒட்டுப்பலகையில் செய்தவையே தாக்குப்பிடிக்கும்.

லண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் இருந்து வாங்கி வரும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். கடையிலேயே ஒவ்வொரு தந்தியையும் இரண்டாம், மூன்றாம் மெட்டுகளுக்கு நடுவில் அழுத்திப் பிடித்து, முதலாம் மெட்டுக்கு மேலே பாருங்கள். தந்திக்கும் மெட்டுக்கும் இடையில் ஒரு கடதாசி நுழையும் இடைவெளி இருந்தால் போதும். அதைவிட உயர்ந்து நின்றால் சின்ன விரல்களுக்கு நோகும். வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். வாங்கியவற்றின் அளவையும் எண்ணிக்கையையும் தவணை முடியுமுன் சங்கீத ஆசிரியைக்கு அறிவித்துவிடுங்கள்.