இணையமும் நம் மஹல்லாவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசிக்கப்பட்ட பின் கல்வியைக் குறித்துச் சில வார்த்தைகள் பேசும்படி நிர்வாகம் என்னைப் பணித்துள்ளது. பொதுவான அறிவுரைகளை நீங்கள் ஜும்ஆதோறும் கேட்டு வருகிறீர்கள். எனவே இன்று ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதையும் என்னுடைய தவறு ஒன்றிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டுப் பள்ளிவாசல்கள் அடைக்கப்பட்ட நாட்களை எவரும் மறந்திருக்க முடியாது. நமது மக்தப் மதரஸாவும் மூடப்பட்டது. சில வாரங்கள் கழித்து, வாட்ஸ்அப் வழியாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாமென முடிவு செய்தேன். நான் ஓதிப் பதிவு செய்து அனுப்புவேன். பிள்ளைகள் ஓதிப் பதிவு செய்து திருப்பி அனுப்ப வேண்டும். நாள்தோறும் அனுப்பியவர் யார், அனுப்பாதவர் யார் எனக் குறித்து வைத்தேன். அனுப்பாதவர்களைச் சோம்பேறிகள் என்றே எண்ணினேன். மதரஸா மீண்டும் திறந்தபோது அவர்களில் ஒரு மாணவனை மற்றப் பிள்ளைகள் முன்னிலையில் கடிந்தும் கொண்டேன். அவன் தலையைக் குனிந்து நின்றான். பிறகு மெதுவாகச் சொன்னான்: “ஹஜ்ரத், எங்க உம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அதுல நீங்க ஓதுறது வராது.”

அந்தப் பிள்ளையின் வாப்பா மவுத்தாகிவிட்டவர் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் என்ன கைபேசி இருக்கிறது என்பதை மட்டும் நான் விசாரிக்கவில்லை. என் குறிப்பேட்டில் வராதவர்கள் என எழுதப்பட்டிருந்தோரில் பெரும்பாலோர் இத்தகைய வீட்டுப் பிள்ளைகளே என்பதைப் பின்னர் அறிந்து வெட்கப்பட்டேன். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைபேசி உள்ள வீடும் அவற்றில் இருந்தது. அங்கே பத்தாம் வகுப்பு மகனுக்கு முதலிடம். மகள்களுக்கு மிஞ்சிய நேரம்.

இணையம் உள்ளோர், இணையம் இல்லாதோர் என்னும் இப்பிளவைப் படித்தவர்கள் ‘எண்ணிமப் பிளவு’ என்று குறிப்பிடுகின்றனர். பெயர்தான் புதிது. நம்முடைய சபராளிகள் அரபு நாட்டிலிருந்து ஒலிநாடாவில் பேசி அனுப்பிய காலத்திலும் இது இருந்தது. ஒலிநாடா வந்து சேரும். அதைப் போட்டுக் கேட்கும் கருவி பக்கத்து வீட்டில்தான் இருக்கும். கணவன் மனைவிக்குச் சொன்ன அந்தரங்கத்தைப் பக்கத்து வீட்டாரும் சேர்ந்து கேட்கும் நிலை. பின்னர் எஸ்.டி.டி. பூத் வந்தது. மணிக்கணக்கில் காத்திருந்து, ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே பேசினோம்.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின் விலை சரிந்தது உண்மை. அதற்கு முன் ஒரு ஜி.பி. தரவிற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்த நாம், இரண்டொரு ஆண்டுகளில் பத்து ரூபாய் அளவிற்கு அதைப் பெற்றோம். ஆனால் அந்த மலிவு, நல்ல கைபேசி வாங்க வசதியுள்ளவருக்கு மட்டுமே மலிவு. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தியபோது, மாதந்தோறும் ரீசார்ஜ் செய்ய இயலாமல் எண்ணை இழந்தோர் நம் தெருவிலேயே உள்ளனர். ஆதாரும் வங்கிக் கணக்கும் அந்த எண்ணோடுதான் இணைந்திருந்தன.

இனி, நம் கடற்கரையின் வரலாறு ஒன்றைக் கூற விரும்புகிறேன். 1998ஆம் ஆண்டு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு நிதியுதவியுடன், புதுச்சேரி வட்டாரக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. வில்லியனூரில் தலைமை நிலையம். தொலைபேசிக் கம்பி ஒழுங்காக இல்லாத ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவி; மின்சாரம் நில்லாத ஊர்களுக்குச் சூரிய ஒளித் தகடு. கிராமம் இடம் தர வேண்டும். அந்த இடம் எந்தச் சாதியினரும் தடையின்றி நுழையக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நடத்தியவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பெண்கள். வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வெளியாகும் அலை உயர முன்னறிவிப்பை எடுத்துத் தமிழாக்கி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் வலையைச் சீர் செய்துகொண்டிருப்பவர் கணினியைத் தொடவே வேண்டியதில்லை. செய்தி காதில் விழுந்தால் போதும்.

இதன் பயன் 2004 டிசம்பர் 26 அன்று தெரிந்தது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். முன்பு அந்தத் தகவல் மையப் பணியில் பங்கு கொண்டவர். ஆழிப்பேரலைச் செய்தியை அங்கே அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊர் மக்கள் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் கரையை விட்டு விலகினர். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆயினும் அவ்வூரில் உயிர்ச்சேதம் இல்லை. நம் ஊரிலும் சபராளிகள் இருக்கிறார்கள், ஒலிபெருக்கியும் இருக்கிறது. இரண்டையும் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

அதே 2004ஆம் ஆண்டு அக்டோபரில், இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைப்புடன் கிராம வள மையங்கள் தொடங்கப்பட்டபோது, முதல் தொகுப்பிலேயே நம் மாவட்டத்துத் தங்கச்சிமடமும் இடம்பெற்றது. பாம்பனில் 2016இல் ‘கடல் ஓசை’ என்னும் சமுதாய வானொலி மீனவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஆகவே இவையெல்லாம் பெருநகரத்தாருக்கு உரியவை, ராமநாதபுரம் சீமைக்கு ஒத்துவராதவை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

தோல்வியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில், சென்னை ஐ.ஐ.டி.யைச் சார்ந்தோர் உருவாக்கிய கம்பியில்லா இணைப்பைக் கொண்டு கிராமங்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. உள்ளூர் இளைஞரோ பெண்ணோ கடன் பெற்றுத் தொழிலாக நடத்துவது ஏற்பாடு. வினாடிக்கு 35 அல்லது 70 கிலோபிட் வேகம். இன்றைய பிள்ளைகள் கேட்டால் சிரிப்பார்கள். ஆயினும் அதைக் கொண்டே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவரிடம் ஆலோசனை கேட்டார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அவற்றில் பல மூடப்பட்டன. கருவி பழுதானால் பார்க்க ஆளில்லை. மாத வருமானம் கடனுக்குப் போதவில்லை. அலுவலகங்களின் ஒத்துழைப்பும் நீடிக்கவில்லை. கணினி வாங்குவது எளிது. மூன்றாம் ஆண்டில் அதை யார் பழுது பார்ப்பது என்னும் கேள்விதான் கடினம்.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. நம் மஹல்லாவிலும் பல வீடுகளுக்கு அது வந்தது. படித்து முன்னேறிய பிள்ளைகள் உண்டு. பேட்டரி போனதும் பரணில் ஏற்றிவிட்ட வீடுகளும் உண்டு. பரணில் கிடப்பவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் சற்று நிதானமாகப் பேச வேண்டியுள்ளது. 2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்கள் 33 பேர் மட்டுமே. கேரளத்தில் கோழிக்கோட்டை அடுத்த ஒரு கல்லூரியில் பயின்ற ஃபஹீமா ஷிரின் என்னும் மாணவி, விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்னும் விதியை ஏற்க மறுத்ததால் வெளியேற்றப்பட்டார். படிப்பிற்கு இது தேவை என்று அவர் வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கும்படி தீர்ப்பளித்தது. ஒரு முஸ்லிம் பெண் பிள்ளை போராடிப் பெற்ற தீர்ப்பு அது. நம் வீடுகளில் மகனின் கையில் இரவு பன்னிரண்டு மணி வரை கைபேசி இருக்கிறது, எவரும் கேட்பதில்லை. மகள் ஒரு மணி நேரம் எடுத்தால் ஃபித்னா என்கிறோம். ஃபித்னாவுக்கு அஞ்சுவது கடமைதான். ஆனால் அந்த அச்சம் இருவருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

புதிய கருவிகளைக் கண்டு தயங்குவது நமக்குப் பழக்கமானதே. ஒலிபெருக்கி வந்த காலத்தில், தொழுகையில் அதைப் பயன்படுத்தலாமா என்பதில் உலமாக்களிடையே பெரிய விவாதம் நடந்தது. இன்று ஒலிபெருக்கி ஒரு வக்து பழுதானால் அதிகம் சத்தமிடுவது நம் பெரியவர்களே. (யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை!) மறுபுறம், நம் முன்னோர் அறிவை மலிவாக்கிய விதத்தையும் பாருங்கள். அருகிலுள்ள கீழக்கரையில் வாழ்ந்து 1898இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி நூல்கள் தந்தார்கள். குர்ஆன் ஓதத் தெரிந்த பெண், வேறு எழுத்து கற்காமலேயே மார்க்கச் சட்டத்தைத் தமிழில் படித்துக்கொள்ள முடிந்தது. கையில் இருந்த திறமையையே வாசலாக ஆக்கினார்கள். பத்ருப் போரில் சிறைப்பட்டவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு, பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுப்பதே மீட்புத் தொகையாக விதிக்கப்பட்ட வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். அன்று ஆசிரியராக அமர்ந்தவர் யார் என்று பார்க்கவில்லை.

இன்று நம் நிலை என்ன? ஹஜ் விண்ணப்பம் இணையத்தில், கல்வி உதவித்தொகை இணையத்தில், சான்றிதழ்கள் இணையத்தில். 2025 ஜூனில் உமீத் தளம் திறக்கப்பட்டு, வக்ஃபு சொத்துகளின் விவரங்களை ஆறு மாதங்களுக்குள் பதிவேற்ற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டபோது, நிர்வாகக் குழுவினராகிய நாமே பத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு, பதிவேற்றத் தெரிந்தவரைத் தேடி அலைந்தோம். அந்த இளைஞர் வேறு ஊரைச் சேர்ந்தவர். நம் தஃப்தரையும் பத்திரங்களையும் நன்கு அறிந்த பெரியவர்களுக்குக் கணினி தெரியாது. கணினி தெரிந்த பிள்ளைகளுக்குத் தஃப்தர் எங்கிருக்கிறது என்றே தெரியாது.

மஹல்லாவின் ஏழைச் சகோதரி ஒருவர், மகளின் உதவித்தொகைக்காக ஒரு கடையில் பணம் கொடுத்து விண்ணப்பம் பதிந்தார். வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டது. படிவத்தைப் படித்துச் சரிபார்க்க அவருக்கு இயலவில்லை. பணம் வராத பின்புதான் பிழை தெரிந்தது. அதற்குள் திருத்தும் காலம் முடிந்திருந்தது. அந்தப் பெண் அவ்வாண்டு கல்லூரிக் கட்டணத்திற்குக் காதிலிருந்ததைக் கழற்றினாள். ஓர் இலக்கத்தின் விலை அது.

ஆகவே நிர்வாகத்தின் முன் என் வேண்டுகோள் இது. மதரஸாவின் பின்புறம் பழைய பாய்களும் உடைந்த மின்விசிறிகளும் கிடக்கும் அறையைச் சுத்தம் செய்து, இரண்டு கணினிகள், ஓர் அச்சுப்பொறி, ஒரு பிராட்பேண்ட் இணைப்பு வைக்க வேண்டும். பரணில் கிடக்கும் அரசு மடிக்கணினிகளை மனமுவந்து தாருங்கள். நான்கு பழுதானவற்றிலிருந்து இரண்டையாவது தேற்றலாம். மாணவர்கள் கட்டணமின்றிப் படிக்கட்டும். விண்ணப்பம் பதிவோர் அச்சுச் செலவை மட்டும் தரட்டும். பதிவதற்கு முன் படிவத்தை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அஸருக்குப் பின் மஃரிப் வரை பெண்களுக்கு மட்டும். அந்நேரம் பொறுப்பில் இருப்பவரும் நம் கல்லூரிப் பெண்களில் ஒருவராக இருக்க வேண்டும். திரைகள் வாசலை நோக்கியே இருக்கும், தனியறை கிடையாது. ஆபாசம், சூதாட்டம் குறித்துக் கவலைப்படும் பெரியவர்களுக்கு இதுவே என் பதில். சட்டைப்பைக் கைபேசியைக் காட்டிலும் பத்துப் பேர் பார்க்கும் திரை பாதுகாப்பானது.

இரண்டு மார்க்கச் சட்டங்களையும் சொல்லிவிடுகிறேன். ஜகாத் நிதியை இதில் செலவிடக் கூடாது. ஏழைக்கு உடைமையாக்கிக் கொடுப்பது அதன் நிபந்தனை. லில்லாஹ் தொகையும் சபராளிகளின் நன்கொடையுமே இதற்கு உரியவை. அடுத்து, பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட மின்சாரத்தை இதற்கு எடுக்கக் கூடாது. தனி மீட்டர் வைக்க வேண்டும். அந்த அறையின் வாசல் தெருவை நோக்கி இருப்பதால், மாற்று மதச் சகோதரர்களும் தயக்கமின்றி வரலாம். மூக்கையூரிலிருந்து மீன் கொண்டு வரும் சகோதரர் ஒரு படிவம் பதிய வேண்டுமென்றால், ‘நீர் எந்த ஊர், எந்த ஜமாஅத்’ என்று கேட்கக் கூடாது.

பழுது பார்க்கும் செலவிற்காக மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இன்றே தனிக் கணக்கில் ஒதுக்குவதாகத் தீர்மானத்தில் எழுதுங்கள். அது எழுதப்படவில்லையென்றால் கணினியே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. மேலூரில் நடந்ததை மறக்க வேண்டாம்.

அறையின் சாவி இப்போது என்னிடம் உள்ளது. தீர்மானம் நிறைவேறுமாயின் அதை எந்தச் சகோதரியிடம், எந்தச் சகோதரரிடம் ஒப்படைப்பது என்பதை இந்த மஜ்லிஸிலேயே பெயர் சொல்லி முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். வஸ்ஸலாம்.