சாவி கொடுப்பவரும் பயணியாக இருந்து பார்க்கட்டும்

(வெளிநாடு செல்லும் மாணவர்களை வழியனுப்பும் நிகழ்ச்சியில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 



இந்த மேடையில் வழக்கமாகக் கல்லூரி இடம் பற்றியும் உதவித்தொகை பற்றியும் பேசுவோம். இன்று விடுதியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். பிள்ளை வகுப்பறையில் இருப்பது நாளுக்கு நான்கைந்து மணி நேரம். மீதி நேரத்தில் பெரும்பகுதி விடுதி அறையில்தான். அந்த அறையின் சாவியைக் கொடுப்பவர் யார், நம் பிள்ளையின் பழக்கவழக்கங்கள் அவருக்குத் தெரியுமா என்று நாம் கேட்பதில்லை.

நம் உதவியோடு ஜெர்மனிக்குப் படிக்கச் சென்ற ஒரு தம்பியின் அனுபவத்தைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். அங்கே அவர் கண்ட முதல் நோன்பு. ஸஹர் நேரத்தில் பொதுச் சமையலறையில் எண்ணெய் காயவைத்துத் தாளித்திருக்கிறார். கதவைத் திறந்து வைத்திருந்ததால் புகை நடைபாதைக்குப் போய், அங்கிருந்த எச்சரிக்கைக் கருவி அலறிவிட்டது. உறங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் குளிரில் வாசலுக்கு வந்து நின்றார்கள். மறுநாள் ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் வந்தது. முழுதாகப் புரியவில்லை. அறையைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று பயந்துவிட்டார். அதன் பிறகு அவர் சமையலறைப் பக்கமே போகவில்லை. ரொட்டியும் பேரீச்சம்பழமும் தண்ணீருமாகவே ஸஹர் முடிந்தது. வீட்டுக்குப் பேசும்போதெல்லாம், "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். உம்மாவும் நம்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து விடுதி அலுவலகத்திலிருந்து ஒரு பெண்மணி அவர் அறைக்கு வந்தார். காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, "நோன்பா? எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள்?" என்று கேட்டார். கடிதம் வெறும் எச்சரிக்கைதான், அறைக்கு ஆபத்தில்லை என்று விளக்கினார். சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து சமைத்தால் போதும் என்று காட்டிக்கொடுத்தார். இரவில் எழுந்து சமைப்பது ஏன் என்று பக்கத்து அறைக்காரர்களுக்கும் எடுத்துச் சொன்னார். பத்து நாள் பயம் கால் மணி நேரத்தில் தீர்ந்தது.

அவருக்கு இது எப்படித் தெரிந்தது? முந்தைய ஆண்டு நோன்பு மாதத்தில், பணிப் பயிற்சிக்காகத் துருக்கியில் ஒரு மாணவர் விடுதியில் ஒரு வாரம் தங்கியிருக்கிறார். மொழி தெரியாமல், அறிவிப்புப் பலகை புரியாமல், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தானும் நின்றதாக அவரே தம்பியிடம் சொன்னாராம்.

பெரியோர்களே, இது ஏதோ தற்செயலாக நடந்ததல்ல. ஐரோப்பாவில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. எராஸ்மஸ் என்ற கல்விப் பரிமாற்றத் திட்டம் 1987-இல் மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. 2007 முதல் பாடம் நடத்தாத ஊழியர்களும் அதில் பயிற்சிக்குப் போகலாம் என்று ஆனது. விடுதி அலுவலர், சேர்க்கைப் பிரிவு எழுத்தர், நூலகர் என யாராக இருந்தாலும், இரண்டு நாள் முதல் இரண்டு மாதம் வரை வேறொரு நாட்டின் கல்வி நிலையத்துக்குச் சென்று, அங்கே அதே வேலையைச் செய்பவரின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். பயணத்துக்கும் தங்கும் செலவுக்கும் திட்டமே உதவுகிறது. அங்கே சாவி எப்படிக் கொடுக்கிறார்கள், புகார் எழுதுகிறார்கள், புதிதாக வந்தவருக்கு முதல் இரவு சாப்பாட்டுக்கு என்ன வழி செய்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

இது நமக்கு ஏன் முக்கியம்? 2023-24-இல் ஜெர்மனியில் படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். அங்கு படிக்கும் வெளிநாட்டவரில் இவர்களே முதலிடம். அந்நாட்டில் பெரும்பாலான மாணவர் விடுதிகளைப் பல்கலைக்கழகம் நேரடியாக நடத்துவதில்லை. ஷ்டுடீரெண்டன்வெர்க் எனப்படும் மாணவர் சேவை அமைப்புகள் நடத்துகின்றன. இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும். நாம் விசாவுக்குக் கணக்கில் பணம் காட்டுவதில் மட்டும் கவனமாக இருக்கிறோம். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோவாக உயர்ந்தது என்பது இங்கே பலருக்கும் மனப்பாடம். ஆனால் பிள்ளை எந்த விடுதிக்கு, எப்போது விண்ணப்பித்தது என்று கேட்டால் பதில் இல்லை.

புதிதாக வந்தவர் தனித்துவிடப்படும் துயரம் பழையது. 1909-இல் நியூயார்க்கில் ஹாரி எட்மண்ட்ஸ் என்பவர் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படியில் ஒரு சீன மாணவரைப் பார்த்து, போகிற போக்கில் காலை வணக்கம் சொன்னார். அந்த நகருக்கு வந்து மூன்று வாரமாகியும் தன்னிடம் பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்றார் அந்த மாணவர். எட்மண்ட்ஸும் அவர் மனைவியும் வெளிநாட்டு மாணவர்களை ஞாயிறுதோறும் விருந்துக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து, 1924-இல் நியூயார்க்கின் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற பெரிய விடுதியானது. தொடக்கம் ஒரே ஒரு வணக்கம்.

அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஸலாம் சொல்லுங்கள், உணவளியுங்கள் என்று நம் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் வசதியோடு இருப்பவரும் பயணத்தில் கையறு நிலைக்கு வரலாம் என்பதை மார்க்கம் அன்றே கணக்கில் எடுத்துக்கொண்டது.

இப்போது நம் பக்கம் வருவோம். நம் ஊர்க் கல்லூரி விடுதிகளில் வெளிமாநிலப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாலத்தீவிலிருந்தும் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் தமிழ்நாட்டுக்குப் படிக்க வருகிறார்கள். நம் சோறும் குழம்பும் அவர்களுக்குப் புதிது, நம் வெயிலும் பேச்சும் புதிது. அவர்களும் வீட்டுக்குப் பேசும்போது "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்கிறார்கள். நம் வார்டன்களுக்கு மனம் இருக்கிறது. ஆனால் அவர்களில் எத்தனை பேர், ஒரு வாரமாவது வேற்றூர் விடுதியில் அந்நியராகத் தங்கிப் பார்த்திருக்கிறார்கள்?

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்களே, பிள்ளைக்கு இடம் கிடைத்த அன்றே விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். சமையலறை பொதுவா, தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளலாமா, பெண்களுக்குத் தனித் தளம் உண்டா, இரவில் ஒரு சிக்கல் என்றால் யாரை அழைப்பது என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இவற்றுக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை.

பிள்ளைகளே, கடிதம் புரியாவிட்டால் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போங்கள். ஒளு செய்யக் குளியலறையில் தண்ணீர் சிந்தினால் துடைத்துவிடுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்றால் அது பக்கத்து அறைக்காரரின் ஹக். உங்கள் நோன்பைப் பற்றி அவரிடம் முன்னரே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

மூன்றாவது, நமக்கே. நாம் உதவும் விடுதியின் வார்டனையும் சமையல் பொறுப்பாளரையும், இன்ஷா அல்லாஹ், வரும் விடுமுறையில் வேறு மாவட்டத்திலோ மாநிலத்திலோ உள்ள ஒரு விடுதிக்கு ஐந்து நாள் அனுப்ப வேண்டும் என்று அறக்கட்டளைக்குப் பரிந்துரைக்கிறோம். பயணச் செலவும் படியும் அறக்கட்டளை தரட்டும். கல்லூரி நிர்வாகிகள் இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பியப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் இருந்தால், இந்தியக் கல்லூரி ஊழியர்களும் எராஸ்மஸ் வழியாக அங்கே பயிற்சிக்குச் செல்ல வழி உண்டு. பேராசிரியர்களை மட்டும் அனுப்பாமல் விடுதிக் காப்பாளரையும் அனுப்புங்கள்.

இதற்கு ஏன் காசு செலவழிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஒரு கட்டிலும் மின்விசிறியும் கூடுதலாக வாங்கலாம்தான். ஆனால் அந்தத் தம்பிக்கு அறையும் கட்டிலும் குறைவில்லாமல் இருந்தன. பத்து நாள் அவருக்கு இல்லாமல் போனது, கதவைத் தட்டி விசாரிக்கும் ஓர் ஆள்தான்.

புறப்படும் பிள்ளைகளின் பயணத்தை அல்லாஹ் இலேசாக்குவானாக. அவர்கள் போய்ச் சேரும் இடத்தில் நல்ல மனிதர்களை முன்னே நிறுத்துவானாக. நம் ஊருக்கு வரும் பிள்ளைகளுக்கு அத்தகைய மனிதர்களாக நம்மையும் ஆக்குவானாக. ஆமீன்.