சூட்டில் மறையும் நீலம்

மரவள்ளி மாவு ஒரு சிட்டிகை, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து ஒரு சொட்டு. இன்றைய பாடத்துக்கு இவ்விரண்டும் போதும்.

மாவை நிறையத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி ஆறவிடுவோம். அந்தக் கஞ்சித் தண்ணீரில் அயோடினை விட்டால் நீல நிறம் தோன்றும். இதனை 1814ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சு அறிஞர்கள் இருவர் எழுதி வைத்தார்கள்.

நீலம் எங்கிருந்து வந்தது? மாவுச்சத்தில் அமிலோஸ் என்னும் பொருள் இருக்கிறது. அதன் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. அது கம்பிச்சுருள்போல் சுருண்டு நிற்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோஸ் கண்ணிகள். சுருளின் நடுவே உள்ள இடத்தில் அயோடின் வரிசையாக அமர்ந்து கொள்கிறது. அமிலோஸ் வீட்டுக்காரர், அயோடின் விருந்தாளி. இருவரும் கூடியிருக்கும்போதுதான் நீலம்.

இனி, அந்த நீரைச் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி, தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்து மெல்லச் சூடேற்றுவோம். நீலம் வெளுத்து மறைகிறது! விருந்தாளியைப் பிடித்திருப்பது வலுவற்ற ஈர்ப்புதான். சூடேறச் சூடேற மூலக்கூறுகளின் ஆட்டம் கூடுகிறது, சுருள் தளர்கிறது, அயோடின் வெளியேறுகிறது. ஆறினால் திரும்பி வந்து அமர்கிறது, நீலமும் திரும்புகிறது. நெடுநேரம் கொதிக்கவிட்டால் அயோடின் ஆவியாகப் போய்விடும். பிறகு நீலம் வராது. ஆகவே சன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்கள் பக்கத்திலிருக்கச் செய்ய வேண்டும்.

இதனால் வீட்டுக்கு என்ன பயன்? பாலில் மாவு கலந்திருக்கிறதா என்று பார்க்க இதே சோதனைதான். முதலில் பாலைக் காய்ச்ச வேண்டும். அப்போதுதான் மாவு வெந்து கரையும். பிறகு நன்றாக ஆறவிட வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு சொட்டை விட்டு, 'நீலமில்லை, நல்ல பால்தான்' என்று சொன்னால் ஏமாறுவது நாமே. மாவு பாலில்தான் இருக்கும். விருந்தாளிதான் சூடு தாங்காமல் வெளியே நிற்கிறார். தண்ணீர் கலந்த பாலையும் இச்சோதனை காட்டிக் கொடுக்காது. மாவை மட்டுமே காட்டும்.

சோதித்த பாலையும் கஞ்சியையும் கொட்டிவிட வேண்டும்; யாரும் குடிக்கலாகாது.

தாய்மார்களே, மாணவச் செல்வங்களே! கண்ணுக்கு மறைந்ததெல்லாம் இல்லாமற் போனதல்ல. ஆறவிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வோம்.