பந்தாய்ப் பள்ளத்தாக்கில் ஒரு பத்தாண்டு: தனிநாயகம் அடிகளாரின் மலேசியப் பணி



பிரிக்பீல்ட்சிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் மலாயாப் பல்கலைக்கழகத்திற்குப் படிக்கச் செல்வோர் பலர் இவ்வவையில் இருக்கிறீர்கள். கோலாலம்பூருக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடைப்பட்ட அப்பந்தாய்ப் பள்ளத்தாக்கிற்கு 1961இல் இந்திய ஆய்வியல் துறைப் பேராசிரியராக வந்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார். அறுபதுகளின் இறுதியில் அவர் மலேசியாவை விட்டுச் சென்றார், 1980இல் மறைந்தார். அவர் இங்கே வாழ்ந்த ஏறத்தாழப் பத்தாண்டு நமக்கு எதை விட்டுச் சென்றது என்பதே இன்றைய என் பொருள்.

யாழ்ப்பாணத் தீவகத்தில் 1913இல் பிறந்த அடிகளார், மலேசியாவுக்கு வருமுன்பே பெயர் பெற்ற அறிஞர். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கித் தமிழாய்வைப் பிறமொழியாளரிடம் கொண்டு சென்றவர். இங்கு வந்தபின், தம் பெயருக்கு ஒரு பெருநூல் எழுதுவதைவிடப் பிறர் ஆய்வு செய்வதற்கான கருவிகளை ஆக்குவதிலேயே பெரிதும் ஈடுபட்டார் என்பது என் கணிப்பு.

முதற்கருவி, ஓர் அமைப்பு. 1964 சனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளராயினர். 1966 ஏப்ரலில் மன்றத்தின் முதல் மாநாடு நம் கோலாலம்பூரில் நடைபெற்றது. பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அதனைத் தொடங்கிவைத்தார். தமிழர் சிறுபான்மையராக வாழும் ஒரு நாட்டிலிருந்தே உலகத் தமிழ் மாநாட்டு வரிசை தொடங்கியது என்பதை நம் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாம் கருவி, அதே ஆண்டில் அவர் வெளியிட்ட தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி. கணினி இல்லாத அக்காலத்தில், ஒரு பொருளைப் பற்றி முன்னமே யார் என்ன எழுதினர் என அறிவதே ஆய்வாளனுக்குப் பெரும்பாடு. அப்பாட்டை அடிகளார் தாமே ஏற்றுக்கொண்டார்.

மூன்றாவதே மொழியியலாளனாகிய எனக்கு மிக நெருக்கமானது. அந்தாம் தெ புரொவென்சா என்னும் போர்த்துக்கீசியப் பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி, அவர் மறைவுக்குப் பின் 1679இல் கேரளத்து அம்பழக்காட்டில் அச்சேறியது. அதன் படி ஒன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அடிகளார் அதனை 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழி மறுபதிப்பாக்கினார்.

இதன் பயன் யாது? பதினேழாம் நூற்றாண்டுத் தமிழை அறிய நமக்குச் செய்யுள் நூல்கள் உண்டு; ஆனால் அன்றைய மக்கள் வாய்ச்சொல் செய்யுளில் அரிதாகவே பதிவாகும். மக்களிடம் உரையாடுவதற்காகவே தமிழ் கற்ற பாதிரியார், காதில் கேட்ட சொல்லையும் எழுதிவைத்தனர். இலக்கியம் ஒதுக்கிய வழக்குகளுக்கு நாளும் இடமும் கூறும் சான்றாக இத்தகைய அகராதிகள் நிற்கின்றன. ஆகவே ஆசிரியர்களே, மாணவன் வீட்டில் வழங்கும் ஒரு சொல்லைக் கட்டுரையில் எழுதிவிட்டால், அதனைக் கொச்சையெனச் சிவப்பு மையால் அடிக்குமுன் அதன் வயதைத் தேடிப் பாருங்கள். தேர்வுக்குரிய எழுத்துநடையைக் கற்பிப்பது நம் கடமைதான். வீட்டுச்சொல்லை இழிவெனக் கற்பிப்பது கடமையன்று.

இக்கருவிகள் எவற்றுக்கும் அடிகளார் உடனிருக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அவர் சென்றபின்னும் மாநாடுகள் கூடின. அகராதி ஆய்வாளர்க்குப் பயன்பட்டது.

இன்று நம் கண்முன்னே வேறோர் அகராதி எழுதப்படாமலே அழிந்து வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்வெட்டும் தொழிலோடு வழங்கிய சொற்களும், மலாயோடு கலந்து பிறந்த சொற்களும் முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளன. மாணவர்களே, உங்கள் பாட்டி தாத்தாவிடம் அமர்ந்து ஐம்பது சொற்களை எழுதுங்கள். சொல், பொருள், சொன்னவர் வாழ்ந்த தோட்டம், அவர் வயது ஆகிய நான்கையும் குறியுங்கள். அவர்கள் ஒலித்தவாறே எழுதுங்கள், திருத்தாதீர்கள். ஆசிரியர்கள் அவற்றைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் ஒரு படி வையுங்கள். பின்னால் வரும் ஆய்வாளனுக்கு அது போதும்.