திரையை இழுக்கும் கை

மாசி மகத் திருவிழாவில் காரமடை அரங்கநாதர் கோயிலில் பந்த சேவை நடக்கும். தீப்பந்தம் ஏந்திய கைகளைப் பார்த்தால் எனக்கு நர்சிங் மாணவர்கள் விளக்கேற்றும் நாள் நினைவுக்கு வரும். விளக்கோடு அவர்கள் சொல்லும் நைட்டிங்கேல் உறுதிமொழி, 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்டது. நோயாளியின் அந்தரங்கம் காப்பேன் என்பதும் அதில் உண்டு. நம் வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கினார். 1946இல் பட்டப்படிப்பும் வந்தது.

உறுதிமொழி உடம்பில் ஊறுவது வார்டில்தான். எழ முடியாத ஆத்தாவை இரண்டு மணி நேரத்துக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், படுக்கைப்புண் வராமலிருக்க. உடம்பு துடைக்கும் முன் திரையை மூட வேண்டும். யாரும் சொல்லாமலே ஒரு மாணவரின் கை திரைக்குப் போகிற நாளில், "நான் நர்சுங்க" என்று அந்தப் பிள்ளை சொல்லும் குரலே வேறாக இருக்கும்.