கழுத்து வலி உள்ளவர்களும் பிலாட்டிஸ் செய்யலாம்

(பெண்களுக்கான உடற்பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சென்ற மாதம் நம் வகுப்பிலிருந்து ஒரு சகோதரி நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய்க் கேட்டோம். "தலையைத் தூக்கச் சொல்றீங்க, ராத்திரியெல்லாம் பிடரி வலிக்குது" என்றார். நாள் முழுதும் தையல் மெஷினில் குனிந்திருப்பவர். தவறு அவரிடம் இல்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்லித் தந்த எங்களிடம்தான்.

பிலாட்டிஸ் பயிற்சியை வகுத்தவர் 1883இல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டிஸ். அதில் 'நூறு' என்றொரு பயிற்சி உண்டு: மல்லாந்து படுத்து, தலையையும் கால்களையும் தூக்கி, கைகளை 100 முறை மேலும் கீழும் அசைப்பது. வயிற்றுக்கான பயிற்சிதான். ஆனால் நம் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை. வயிற்றில் வலு இல்லாவிட்டால் அந்தச் சுமை கழுத்தில் இறங்கும்.

ஆகவே மாற்றிச் செய்வோம். தலை மடித்த துண்டின் மேலேயே இருக்கட்டும். முழங்காலை மடித்துப் பாதத்தைப் பாயில் ஊன்றுங்கள். மோவாயை லேசாக உள்ளே இழுங்கள். தோள் காதை நோக்கி ஏற வேண்டாம். மூச்சு சீராக வர, கைகளை மட்டும் அசைத்தால் போதும். கால்களைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் பயிற்சியை அறவே விடுங்கள். உடல் பாரம் பிடரியில் விழும்.

கை மரத்துப்போனாலோ, பிடி தளர்ந்தாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அந்தச் சகோதரி இன்று திரும்ப வந்திருக்கிறார். வலித்தால் வாய்விட்டுச் சொல்லுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது பயிற்சி அல்ல.